பியானோக்காரனின் விசா

என் மகள் ஜாஸ் பியானோ வாசிக்கிறாள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே "அப்ப வேலை?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. அதனால், ஏரிக்கரையில் நடக்கும் இசை விழாவுக்குக் கானாவிலிருந்து வரும் ஜாஸ் குழுவோடு வாசிக்க அவளைக் கேட்டிருக்கிறார்கள் என்றதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் துள்ளிக் குதித்தேன்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. குழுவில் எல்லோருக்கும் விசா கிடைத்துவிட்டது, பியானோக்காரனுக்கு மட்டும் முடிவு வரவில்லை. அவன் இளவயது, கலியாணம் ஆகாதவன். அப்படியானவன் வந்தால் திரும்பிப் போகமாட்டான் என்று இங்கே விசா கொடுப்பவர்களுக்கு ஒரு சந்தேகம். விசா வந்தால் அவன் வாசிப்பான், வராவிட்டால் என் மகள் வாசிப்பாள்.

அந்தச் சந்தேகம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய சடங்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காவைக் கூப்பிட்டபோது அவவுக்கும் இதே காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார்கள். மார்கழியில் யாழ்ப்பாணத்திலேயே போர்வையை விட்டு வெளியே வராத மனுசி, இங்கே பனிக்குள் ஒளித்திருந்து என்ன செய்யப்போகிறா? அன்றைக்கு என்னைவிட என் மனைவிதான் கூடுதலாக அழுதாள்.

அதே மனைவி ஒருநாள் கோயிலால் வந்து, மெழுகுதிரி வாசம் போகாத கையோடு சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளை அந்த மேடையில ஏறவேணும். ஏறினா, திருநாளண்டைக்குக் கோயில் சனம் முழுக்க என்ரை கையால சாப்பாடு."

"அப்ப அந்தப் பெடியன்?"

"அவனைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லையே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாதாவிடமே சட்டம் பேசுகிறாள். ஆனால் கோபத்துக்கு அடியில் எனக்கும் அதே ஆசை கிடந்தது.

குழு வந்திறங்கியது. பயிற்சிக்கு இடம் தேவை என்றதும், மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், மகளின் பியானோவைச் சுற்றிக் கூடினார்கள். குழுவின் தலைவி சக்சபோன் வாசிப்பவர், அறுபது வயதிருக்கும். மற்றவர்கள் அவரை அன்ரி என்றார்கள், என் மனைவியையும் அன்ரி என்றார்கள். அங்கேயும் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள்.

வாசிக்கவேண்டிய பாட்டுகளில் பாதி அந்தப் பியானோக்காரன் அமைத்தவை. அவற்றை என் மகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அவனேதான். போனைப் பியானோவின் மேல் நிறுத்தி, வீடியோவில் அவனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு மெலிந்த முகம். பேசுவதைவிடச் சிரிப்பது கூட. என் மகள் வாசிப்பாள், அவன் கண்ணை மூடிக் கேட்பான். "இடது கை அவசரப்படுகிறது, அது நடந்து போகட்டும்" என்பான். பிறகு தன் பியானோவில் வாசித்துக் காட்டுவான். இடையில் லைன் அறுந்துவிடும். திரும்ப எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். தன் இடத்தில் உட்காரப்போகிறவளுக்கு ஒன்றையும் ஒளிக்காமல் கொடுத்தான். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு படியிறங்கி வந்தாள். அவன் அவளைக் கண்டுவிட்டான்.

"அன்ரி, உங்கள் மகள் என்னைவிட நன்றாக வாசிக்கப்போகிறாள். ஆனாலும் எனக்கு வர ஆசை. எனக்காகவும் கடவுளிடம் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவள் தலையாட்டினாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போனாள். நான் பின்னால் போனபோது வெறும் அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

"நேர்த்தியை மாத்தலாமே?"

"என்னைக் கேட்டா? நான் என்ன பங்குச் சுவாமியே?"

அந்த நேரத்தில் அப்படி வெட்டிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அடுத்த நாள் காலமை அவள் திரும்பக் கோயிலுக்குப் போனாள். என்ன கேட்டாளோ, நான் விசாரிக்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள்.

மகள் பியானோவை மூடிவிட்டாள். "ஐ கான்ட், அப்பா. இது அவரிண்ட சீட்" என்று அழுதாள். தலைவி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ வாசிக்காவிட்டால் அவனுடைய பாட்டுகளை எல்லாம் விட்டுவிட வேண்டும். அவன் வரவில்லை, பாட்டாவது வரட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் பிள்ளை மூடியைத் திறந்தாள்.

மேடையில் அவள் நன்றாக வாசித்தாள். தகப்பன் என்பதால் சொல்லவில்லை, முன்வரிசைச் சனம் எழுந்து நின்றது. தலைவி ஒவ்வொரு பாட்டுக்கும் அவனுடைய பெயரைச் சொன்னார். சனம் கைதட்டியது. என் மனைவி மட்டும் கைகளை மடிக்குள் வைத்தபடி, மேடையைப் பார்க்காமல் இருந்தாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவன் வீடியோவில் வந்தான். முழுவதையும் போனிலேயே பார்த்தானாம். மகளோடு சிரித்துச் சிரித்துப் பேசினான். பிறகு "அன்ரி எங்கே?" என்றான். மகள் போனை நீட்டினாள். மனைவி பதறிப்போய் அதை என் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவவுக்குக் கொஞ்சம் தலையிடி" என்றேன்.

"பரவாயில்லை அங்கிள். எனக்காக மன்றாடினாரா?"

"ஓம்," என்று தமிழிலேயே வாய்தவறிச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் "நிறைய மன்றாடினா" என்றேன். அது முழுப்பொய்யும் இல்லை. அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். போனை வைத்தேன்.

காருக்குப் போகும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"அந்தப் பிள்ளை என்னவாம்?"

"உமக்கு நன்றி சொல்லச் சொன்னவன்."