கேட்டில் விரித்த சரவெடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருப்பவனுக்கு அது வேண்டும்தான் என்று என் முதலாளியே சொல்வார். அவர் கோபம் என்னுடையதைவிடப் பெரியது. விஸ்வநத்தம் பக்கம் எட்டு ரூம் போட்டு ஆரம்பித்த காலத்தில், செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்து, தன் சட்டைப்பையையும் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். பையில் லைட்டரோடு வந்த சொந்த மச்சானையே வேலையைவிட்டு நிறுத்தியவர். அதற்கு ஒரு மாதம் வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அப்புறம் திருத்தங்கலில் அச்சகம், ஊர் ஊராகக் காலண்டர், இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பந்தல் என்று ஆள் வளர்ந்தார். கட்சியில் சீட்டு கொடுத்தார்கள், ஜெயித்தும்விட்டார். எனக்கு உண்மையிலேயே பெருமை. எங்கள் பாடு தெரிந்த ஒருத்தர் சட்டசபைக்குப் போகிறார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஜெயித்தபின் முதல்முறையாக ஆலைக்கு வருகிறார் என்று கட்சிக்காரர்கள் காலையிலேயே கூடிவிட்டார்கள். கொடி, மேளம், ஆளுயர மாலை. நான் ரூம்களைச் சுற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தால், கேட்டை ஒட்டிப் பத்தாயிரம் வாலாவை விரித்து வைத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் களத்தில் வெடிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ரூம்களில் அறுபது பெண்கள். காற்று உள்பக்கமாக அடிக்கிறது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன் வரும்போது வெடிக்காமல் எப்படி என்றார்கள். கார் திரும்பியதும் ஒருத்தன் தீப்பெட்டியை எடுத்தான். தண்ணீர் வாளியைத் தூக்கித் திரி இருந்த முனையில் கொட்டினேன். என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

முதலாளி இறங்கினார். நனைந்த சரத்தைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணால் கண்டேன். இப்போது அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் சிரித்தார்.

"விடுங்கப்பா, பழைய ஆளு. கொஞ்சம் முன்கோவி."

கூட்டமும் சிரித்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. அறுபது பேர் உயிர் என் குணக்கோளாறாகிப் போனது.

ஆனாலும் அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் அவர் திட்டியது தன்னிடம் சம்பளம் வாங்கியவர்களை. இவர்களோ அவருக்காக வெயிலில் வீடு வீடாக அலைந்தவர்கள். எந்த வாயால் திட்டுவார்?

சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"நீங்க செஞ்சதுதான் சரி. அங்கன வச்சுச் சொல்ல முடியல, தப்பா நினைக்காதீக."

"என்கிட்ட சொல்லி என்ன மொதலாளி? அவுககிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார். இப்போது எங்கே இருக்கீக என்று கேட்டேன். அடுத்த ஊரில் வரவேற்பாம். ரோட்டை ஒட்டியே இரண்டு ஆலை இருக்கிற ஊர் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் சரவெடி வெடிக்க ஆரம்பித்தது. அது முடிகிறவரை நானும் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை.