விதைக்குக் காய்ச்சல் பார்த்த கதை

விதைக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சும்மா காத்திருப்பதுதான். சும்மா இருக்கத் தெரியாதவன் அந்த வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வருகிற தக்காளி, மிளகாய் விதைகளில் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்தது புசல்லாவைத் தோட்டம். அப்போது தங்கியிருந்தது குண்டசாலையில் ஒரு வாடகை அறை. பரீட்சை முடிவுக்கும் பெண் வீட்டார் பதிலுக்கும் காத்திருந்து நகம் கடித்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

செடிக்குப் பால்

டொலர் தட்டுப்பாட்டில் எங்கள் இயந்திரத்துக்கான மருந்து வரவில்லை. அதனால் பழைய முறைக்குத் திரும்பினோம். விதையை ஊறவைத்து அரைத்து, அந்தச் சாற்றைச் சோதனைச் செடியின் இலையில் விரலால் தேய்க்க வேண்டும். அந்தச் செடி புகையிலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். விதையில் வைரஸ் இருந்தால் மூன்று நான்கு நாளில் இலையில் புள்ளி விழும். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே இன்னொரு வரிசைச் செடிக்கு விதைச்சாறு இல்லாத வெறும் கரைசலைத் தேய்த்து வைப்போம்.

தேய்ப்பதற்கு முன்னால் கையைப் பாலில் நனைத்துக் கழுவினால், கையில் ஏதாவது வைரஸ் இருந்தாலும் அடங்கிவிடும். அதற்குப் பால்மா கேட்டுக் களஞ்சியத்துக்குப் போனேன். ஊரே பால்மாவுக்கு வரிசையில் நின்ற நேரம் அது. களஞ்சியப் பொறுப்பாளர் பண்டார மாத்தயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சவர்க்காரம் போதும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். அவர் விடவில்லை:

"எங்க வூட்டு புள்ளைக்கே பால் இல்லே, உங்க செடிக்கு என்னாத்துக்கு பால்?"

அக்கா தயார்

அந்த முறை வந்திருந்தது தக்காளி விதை. அதற்காக ஊரில் பலர் காத்திருந்தார்கள். அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தாள். போன வருடம் யாரோ பையில் ஒளித்துக் கொண்டுவந்த விதையை நட்டு, இலையெல்லாம் சுருண்டு, முழுப் பாத்தியையும் பிடுங்கி எரித்தவள். இந்த வருடம் சோதித்த விதைதான் வேண்டும் என்று பிடிவாதம். தம்பியே அங்கே இருக்கிறான் என்ற நம்பிக்கை வேறு.

மழைக்கு முன்னால் நாற்று நட்டாக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசி அடிப்பாள். "ரிசல்ட் வரணும் அக்கா" என்பேன். எத்தனை தடவைதான் அதையே சொல்வது? கடைசியில் ஒருநாள் அவளே சொன்னாள்:

"மண்ணு தயாரா இருக்கு, தண்ணி தயாரா இருக்கு, நானும் தயாரா இருக்கேன். நீ என்னதான்டா பண்ணிக்கிட்டு இருக்க?"

நவாஸ் நானா

விதையை இறக்குமதி செய்த கம்பனியின் ஆள் நவாஸ் நானா. விதை வந்த நாளிலிருந்தே தினமும் காலையில் வந்து வாசலில் உள்ள கதிரையில் உட்கார்ந்துவிடுவார். நல்ல மனிதர். ஆனால் அவர் கால் ஆட்டிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்தால் எனக்கும் கால் ஆடத் தொடங்கிவிடும். அவரிடமிருந்து தப்பிக்கத் தெருச் சந்திக்கு நடப்பேன். பெட்டிக்கடையில் மடித்து விற்கிற ஒரு வெற்றிலைக் கூறு வாங்கி மென்றுகொண்டு வருவேன். திரும்பி வந்து, சோதனைச் செடிகள் இருக்கும் வலைக்கூடத்துக் கதவில் "சிகரெட், சுருட்டு பிடிப்பவர்கள் உள்ளே வரக்கூடாது" என்ற பலகையைப் பார்க்கும்போது, எனக்கு அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் இல்லையே என்று ஒரு பெருமை வேறு.

சாறு தேய்த்த மூன்றாம் நாளுக்குள் நாலு தடவை செடியைப் போய்ப் பார்த்துவிட்டேன். புள்ளி இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் நம்ப முடியவில்லை. நானா என் பின்னாலேயே வந்து கேட்டார்:

"மனிசனுக்கு கொரோனா பீசீஆர் ரிசல்ட் ஒரு நாளைல வந்த தானே. வெதைக்கு மட்டும் என்னத்துக்கு தம்பி இவ்வளவு நாள்?"

புள்ளி விழுந்தது

நான்காம் நாள் காலை இலையில் எட்டுப் புள்ளி. ஆய்வுகூடப் பொறுப்பாளர் யோகேஸ்வரி மிஸ் அன்று கொழும்பில் கூட்டத்தில் இருந்தார். ஓடிப்போய்த் தொலைபேசியில் சொன்னேன். விதையை எரிக்கச் சொல்லும் கடிதத்தைத் தயாராக வைக்கும்படியும், மறுநாள் வந்து கையெழுத்து வைப்பதாகவும் சொன்னார்.

கடிதத்தில் எழுத எண்ணிக்கை வேண்டுமே என்று மத்தியானம் மறுபடி போய் நிதானமாக எண்ணினேன். அப்போதுதான் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். விதைச்சாறே படாத அந்தச் செடிகளிலும் புள்ளி! அப்படியென்றால் வைரஸ் விதையிலிருந்து வந்ததென்று சொல்லவே முடியாது. என் கை போன இடமெல்லாம் அது போயிருந்தது. அந்த ஒரு வரிசையைப் பிடுங்கி எறிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. விதை எரிந்திருக்கும், என் பெயர் பிழைத்திருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு செடியில் கைகூட வைத்துவிட்டேன். அக்காவின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் மிஸ் வந்ததும் சொன்னேன். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடமாட்டார். "வாயைத் திறவும் பாப்பம்" என்றார். திறந்தேன். சிவப்பு.

"வெத்திலையோட போயிலையும் போடுறனீரோ?"

"ஒரு சின்னத் துண்டு மிஸ். சிகரெட் எல்லாம் தொட மாட்டேன்."

வெற்றிலைக் கூறை நம் ஊரில் யார் புகையிலைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? காய்ந்த புகையிலையிலும் வைரஸ் உயிரோடு இருக்கும் என்று வகுப்பில் படித்தவன்தான் நான். அதைக் கையால் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, அதே கையால் இலை தேய்த்திருக்கிறேன். மிஸ் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்:

"நீர் பத்த வைக்கிறீரோ சப்புறீரோ எண்டு வைரஸ் பாக்காது தம்பி."

வரிசையில்

இருந்த செடிகளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக முளைக்கவைத்து வளர்க்க ஐந்து வாரம் பிடித்தது. இந்தத் தடவை பால்மாவுக்கு நானே கண்டியில் வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற அம்மா குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். செடிக்கு என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது:

"பைத்தியத்துக்கும் ஒரு பெக்கட்டுதான் குடுப்பாங்களாம்."

போஞ்சி

இரண்டாவது சோதனையில் ஒரு புள்ளிகூட இல்லை. விதை சுத்தம். நவாஸ் நானா கதிரையிலிருந்து எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மழை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.

அவள் பாத்தியில் போஞ்சி, அதுதான் பீன்ஸ், போட்டுவிட்டாள். தக்காளி போட்டால் கிடைத்திருக்கும் விலை போஞ்சிக்குக் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாமதத்துக்குக் காரணம் அரசாங்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, வெற்றிலை, புகையிலை, எட்டுப் புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டிவிட்டால் பரவாயில்லை என்றிருந்தது. அக்கா சொன்னாள்:

"போஞ்சி மொளச்சிருச்சு. கம்பு நடணும், ஞாயித்துக்கெழம வந்துரு. வர்றப்ப வாயக் கழுவிட்டு வா."

ஆக, அந்த ஆய்வுகூடத்தில் இருந்த காலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நான் கண்டுபிடித்த வைரஸ் ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் சொந்தச் சொத்து.