லிஃப்ட் வாசிக்கிறவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘காது’. மோட்டார் அறைக்குள் போய் இரண்டு நிமிடம் நின்றால் போதும், எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை. நான் வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் மட்டும் அந்தக் காதில் விழாது.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஐந்தாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டும் இவர் பொறுப்புதான். வருடத்துக்கு ஒருமுறை, இதில் ஆள் ஏறலாம் என்று சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடம் போடவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“ஆள் நெறஞ்சு மேல ஏறும்போது மோட்டார் சத்தம் ஒரு நொடி கீழ இறங்குது. உள்ள பேரிங் போயிட்டிருக்கு.”

கம்பெனி இன்ஜினியர் வந்து தன் கருவிகளை மாட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு. வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

“அண்ணே, பேரிங்கைக் கழட்டணும்னா லிஃப்டை ஒரு வாரம் நிறுத்தணும். எங்க ஆளு காதுல கேட்டுச்சுன்னு மேல எழுதினா சிரிப்பாங்க. ஒரு ஆதாரம் குடுங்க, நான் சண்டை போடறேன். சனிக்கிழமைக்குள்ள இல்லன்னா வேற ஆள் கையெழுத்துப் போட்ருவார். உங்களை ஸ்டோர்ல உக்கார வெச்சிருவாங்க.”

ஸ்டோரில் உட்கார்ந்து நட்டையும் போல்ட்டையும் பிரித்துப் போடுவதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களுக்கு, “லிஃப்ட்லயே வந்துடுங்க” என்று போனில் வழி சொல்வது நான்தானே.

முதலில் என் போனில் பதிவு செய்து பார்த்தார். போட்டுக் கேட்டால் வெறும் காற்று. போன் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரைச்சலைத் துடைத்துவிடும் என்றார் இன்ஜினியர்.

“எனக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான் சார்” என்றார் இவர். மறுநாள் வியாழக்கிழமை, அரை நாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார்.

கடையில் நுழைந்ததும் கிட்டார்களைத் தாண்டி நேராகக் கல்லாவுக்குப் போய், “சத்தத்தை அப்படியே பிடிக்கிற மெஷின் வேணும். கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கணும்” என்றார். கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். தலையில் இரண்டு மைக், நத்தைக் கொம்பு மாதிரி. பக்கவாட்டில் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்.

“பாட்டுக்காரங்க வாங்கறது சார். கச்சேரியையே பதிவு பண்ணலாம். நீங்க என்ன வாசிக்கறீங்க?”

“லிஃப்ட்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். இவர் அதற்குள் பெட்டியைக் காதோடு வைத்துக் கடையின் ஏசியைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, “உங்க ஏசில ஒரு ஸ்க்ரூ லூஸ்” என்றார். கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு விலை பேச வேண்டிய அவசியமே வரவில்லை, அவராகவே குறைத்தார்.

அன்று சாயங்காலமே, கூட்டம் ஏறி இறங்கும் நேரத்தில், மோட்டார் அறையில் பெட்டியை வைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தார். மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டினோம். மோட்டார் உறுமியது. அதற்கு மேலே இன்னொரு சத்தம். ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில், நிற்காமல்.

“இது என்னது?” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ம்ம்ம் என்று இழுக்கிறீர்கள் என்று. ஷேவ் செய்தாலும் இழுப்பு, மிக்சி ரிப்பேர் பார்த்தாலும் இழுப்பு. நானா, இல்லவே இல்லை என்று சாதிப்பார்.

“இப்ப மெஷினே சொல்லிடுச்சு. இதைக் கொண்டுபோய்ப் போட்டீங்கன்னா ஆபீசே சிரிக்கும். நாளைக்காவது வாயை மூடிக்கிட்டுப் பதிவு பண்ணுங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி என்றார். அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இன்ஜினியர் லாப்டாப்போடு மோட்டார் அறைக்கு வந்தார். நானும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். ஆளை ஏற்ற வேண்டாம் என்று, லிஃப்ட் நிறையத் தண்ணீர் கேன்களை அடுக்கி மேலும் கீழும் விட்டோம். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் விரலை வாயில் வைத்து உட்காரவைத்த பிள்ளை தோற்றுப்போகும். ஆறு தடவை ஓட்டினோம். பதிவு பளிங்கு மாதிரி சுத்தம்.

இன்ஜினியர் ஹெட்ஃபோனில் கேட்டார். திரும்பக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலைண்ணே. உங்களுக்கு எந்த இடத்துல கேட்டுச்சு?”

இவர் வாங்கிக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் பார்க்காத முகம் அது.

“எனக்கும் கேக்கல” என்றார் மெதுவாக. “இன்னிக்கு நேர்ல நின்னப்பவும் கேக்கல. வயசாயிடுச்சோ என்னவோ.”

இன்ஜினியர் லாப்டாப்பை மூடப் போனார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காது எங்கேயும் போகவில்லை. நான்தான் அவர் வாயைப் பூட்டிவிட்டேன். இவர் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு அதோடு வைத்துத்தான் மோட்டாரைக் கேட்கிறார், அது அவருக்கே தெரியாது. அளவுகோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அளந்து காட்டு என்றால் மனுஷன் என்ன செய்வார்?

“தம்பி, மூடாதீங்க. இன்னொரு தடவை ஓட்டுங்க” என்றேன். இவர் பக்கம் திரும்பினேன். “ஏங்க, நீங்க இழுங்க.”

“எல்லார் முன்னாடியுமா?”

“நான் சொன்னது தப்பு. என் வாயைத்தான் மூடியிருக்கணும். இழுங்க.”

கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். லிஃப்ட் கீழேயிருந்து கிளம்பியது. மோட்டாரின் சுருதியை எட்டிப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சத்தமாகப் போயின. நாலாவது மாடி தாண்டும்போது திடீரென்று இரண்டும் பிசகி, அறையே விம்மி விம்மி அடங்கியது. ஒரு நொடிதான். எனக்கே கேட்டது. இவர் இழுப்பை நிறுத்தாமல் விரலை மட்டும் நீட்டினார்.

இன்ஜினியர் பெட்டியை லாப்டாப்பில் மாட்டினார். திரையில் இரண்டு கோடுகள். இவருடையது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடியது. அந்த நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில், மோட்டார் கோடு அந்த ஒரு நொடியில் கீழே குழிந்து ஏறியது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த தடவையும் குழி. அதற்கடுத்த தடவையும்.

“அண்ணே, இது போதும்” என்றார் இன்ஜினியர். அங்கேயே நின்று மேலிடத்துக்குப் போன் போட்டு வெளுத்து வாங்கினார். அரை மணியில் லிஃப்டை நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை காலை பேரிங்கைக் கழற்றினார்கள். உள்ளே குண்டுகளைப் பிடித்திருக்கும் வளையம் இரண்டாக விண்டிருந்தது. இன்னும் பத்து நாள் தாங்கியிருக்குமா என்று இன்ஜினியர் கேட்டதற்கு, “வேணாம் சார், அதை யோசிக்காதீங்க” என்றார் இவர். சர்டிஃபிகேட்டில் ‘ஆள் ஏறக்கூடாது’ என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு வாரமும் நோயாளிகள் ஐந்து மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க என்னைத்தான் திட்டினார்கள். திட்டட்டும். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன்.

பேரிங்கைக் கழற்றிய அந்தச் சனிக்கிழமை நானும் அவரும் படியில்தான் இறங்கினோம். சட்டைப்பையில் அந்தக் கறுப்புப் பெட்டி, கையில் உடைந்த வளையம். மூன்றாவது மாடி வந்ததும் ம்ம்ம் என்று ஆரம்பித்தார். தெருமுனை வரைக்கும் நிறுத்தவில்லை. நான் வாயே திறக்கவில்லை.