மூன்று புள்ளி நான்கு

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. விடியற்காலையிலிருந்தே தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. அங்கே வேலை பார்க்கும் தெற்கத்திக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. என் இளைய மகளின் ஒன்பது மாதப் பையனுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் கையை நான்தான் அழுத்திப் பிடித்திருந்தேன்.

எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அக்காள் பெண்ணுக்கு வந்தது இவனுக்கும் வந்திருக்கிறதா?

மூத்த மகளின் பெண்ணுக்கு ஏழு வயது. நடக்கத் தொடங்கியதுமே அவள் கால்கள் வில்லாக வளைந்தன. வைட்டமின் டி சொட்டு, பிறகு ஊசி, காலை வெயில் என்று நான்கு வருடம் போயிற்று, கால் நிமிரவில்லை. மூத்தவளை என் தங்கை மகனுக்குக் கொடுத்திருந்தேன். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. அதனால் தங்கையின் இரண்டாவது மகன் இளையவளுக்காகக் காத்திருந்தும் கொடுக்கவில்லை. முறைப்பையன் இருக்கும்போது வெளியே கொடுப்பது எங்கள் பக்கத்தில் அவமானப்படுத்துவதுபோல. "எம்பட பையனுக்கு என்ன கொறைங்கண்ணா?" என்று தங்கை கேட்டாள். சொந்த ரத்தத்தை விட்டு வெளியே கட்டவேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஐந்து தலைமுறைக்கு எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெள்ளகோவில் குடும்பமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தேன். தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை.

இளையவள் முழுகாமல் இருந்தபோதுதான் பேத்தியைக் கோவையில் ஒரு பெரிய மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்னைக் கதவுவரை நடந்து வரச் சொன்னார். என் உயரம் நாலடி பதினொன்று. சிறுவயதிலிருந்தே கால் வளைவு. அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி என்று அறுபத்தெட்டு வருடமாக நினைத்திருந்தேன். அவர் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். எலும்பு கெட்டிப்பட பாஸ்பேட் வேண்டும். எங்கள் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. வெயிலும் வைட்டமினும் மட்டும் அதை நிறுத்தாது. இந்தக் குறை உள்ள தகப்பனிடமிருந்து எல்லாப் பெண்களுக்கும் போகும், அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி. "மாப்பிள்ளை சொந்தமா அசலாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார். இளையவளிடம், பிள்ளை பிறந்ததும் ரத்தம் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பையனின் பரிசோதனை முடிவு அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே போனில் வந்தது. பாஸ்பேட் 3.4. பக்கத்தில் சரியான அளவு 2.5 முதல் 4.5 வரை என்று அச்சடித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். நடுவில்தான் இருந்தது.

"நம்ம பையன் தப்பிச்சுட்டானுங்கப்பா" என்று இளையவள் அழுதாள்.

அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மங்கலத்தில் தங்கை வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் படி ஏறினேன். அவள் டப்பாவை வாங்கி வைத்தாள், திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோவையில் மருத்துவர் அந்த முடிவை ஒரு நொடிதான் பார்த்தார். "இது பெரியவங்களுக்கு உண்டான அளவுங்க. இந்த வயசுக் குழந்தைக்கு நாலரைக்குக் கீழ எறங்கக் கூடாது." ரத்தத்தையும் சிறுநீரையும் அங்கேயே மறுபடி எடுத்தார்கள். மாலை நான்கு மணிக்கு உறுதியாயிற்று. பையன் இன்னும் எழுந்து நிற்கவில்லை; நின்றால் வளையும். இப்போதே தொடங்கினால் ஓரளவு குறையலாம் என்றார். வளர்ச்சி நிற்கும்வரை பாஸ்பேட் கரைசல், நாளைக்கு ஐந்து வேளை. புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறதாம்; அதன் விலையைச் சொன்னார். வீட்டை விற்றாலும் ஒரு வருடத்துக்குத் தாங்காது.

பேத்தி அதே கரைசலைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கோடு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அவள் கால் நிமிரவில்லை, ஆபரேஷன் என்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இளையவள் பையனை மடியில் வைத்திருந்தாள். பல்லடம் வந்தபோது, "எனக்கும் இருக்குதுங்களாப்பா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

மறுநாள் தங்கையிடம் சொல்லப் போனேன். அவளுடைய இரண்டாவது மகனுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. இன்னும் பெண் அமையவில்லை. உள்ளே ஏதோ நூலை உதறிக்கொண்டிருந்தான். தங்கை குரலை உயர்த்தவில்லை.

"யாருக்குக் குடுத்திருந்தாலும் இதேதானுங்களேண்ணா. அப்ப எம்பட பையனுக்கே குடுத்திருக்கலாமல்லங்க."

தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

முதல் பரிசோதனை எழுநூறு, கோவைப் பரிசோதனை ஆயிரத்து நானூற்றைம்பது, மருத்துவருக்கு எண்ணூறு, பஸ் முந்நூற்று முப்பது, மைசூர்பாகு இருநூற்றெழுபது, பையனுக்கு முதல் மாத மருந்து ஆயிரத்து அறுநூறு. அந்த வாரத்துக்கு மட்டும் மொத்தம் ஐயாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.