காற்றுப் பிடிக்காத பாய்மரம்

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த நீண்ட அலுமினியக் கம்பத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார் வேடியப்பன். தேய்த்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். “இங்க இன்னும் சொரசொரப்பு ஜாஸ்தி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நனைத்தார்.

வேங்கிக்காலில் அலுமினிய ஜன்னல் செய்யும் கடை அவருடையது. ஜன்னல் வாங்கப் போய்ப் பழக்கமானவன் நான். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அன்று மேசைமேல் கிடந்தது ஒரு பந்தயப் படகின் பாய்மரம். சென்னையில் படகுப் பயிற்சி தரும் பழைய ராணுவ நண்பர் ராமகிருஷ்ணன் ஜீப்பின்மேல் கட்டிக்கொண்டு வந்து இறக்கியது. பல வருடங்களாக இந்த வேலையே வேண்டாம் என்றிருந்த வேடியப்பன், ஓட்டப்போவது கல்லூரிப் பிள்ளைகள் என்றதும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எதுவும் காற்றில் படபடத்தால் அவருக்குப் பொறுக்காது. எதிர் டீக்கடை பேனரின் அவிழ்ந்த முனையை, குடிக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கட்டுவார். நான் போடாமல் விட்ட கைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டிருக்கிறார். “காத்து புடிக்குது சார்.”

ராணுவத்தின் படகுப் பந்தய அணியில் இருந்தவர். இருவர் ஓட்டும் சின்னப் படகு. கூட ஓட்டியவர் கீழ்பென்னாத்தூர் அருணகிரி. இருவரும் ஒன்றாகப் படையில் சேர்ந்தவர்கள். எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்க வேண்டும், பாய்மரத்தின் பருமனைக் குறைக்கக் கூடாது என்பது பந்தய விதி. பாயில் பிடிக்கும் காற்று படகை ஓட்டும், மரத்தில் பிடிக்கும் காற்று வேகத்தைக் குறைக்கும்; அதைக் குறைக்க, விதி பேசாமல் விட்ட இடங்களில் வேடியப்பன் புகுந்தார். வெளியே தொங்கிய கயிறுகளைக் குழாய்க்கு உள்ளே விட்டார். ஸ்க்ரூத் தலைகளை அராவி மட்டமாக்கினார். “எல்லாம் ரூலுக்குள்ள தாங்க. ஒரு நூல் தாண்டல.”

பாய்மரத்தின் உச்சியில் தேங்காய் அளவில் ஒரு மிதவை இருந்தது. படகு சாய்ந்தால் தலைகீழாகப் போகாமல் பாய்மரத்தை நீர்மேல் தாங்குவது அதுதான். காற்றை அதிகம் பிடித்ததும் அதுதான். கட்டாயம் வைக்க வேண்டும் என்று விதியில் இல்லை. 1991இல், மும்பைப் பந்தயத்துக்கு முதல் நாள், வேடியப்பன் அதைக் கழற்றினார். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது அருணகிரி.

மறுநாள் திடீர்க் காற்றில் படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. வேடியப்பன் தூக்கி எறியப்பட்டார். அருணகிரி பாய்க்கு அடியில் கயிறுகளில் சிக்கிக்கொண்டார். மீட்புப் படகு வந்து இழுத்தபோது உயிர் இல்லை. விசாரணையில் விதிமீறல் ஏதுமில்லை என்று முடித்தார்கள். “ஒருத்தர்கூட என்னத் திட்டல சார்” என்றார் என்னிடம். “திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அருணகிரியின் மனைவி பச்சையம்மாளிடம், அலை அடித்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக அதுவே நின்றது.

போன வாரம் ராமகிருஷ்ணன் பாய்மரத்தை எடுத்துப்போக வந்தார். வழவழவென்றிருந்த கம்பத்தைத் தடவித் தடவி மகிழ்ந்தவர், உச்சியில் மிதவையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“இத எதுக்குடா மாட்டின? நீ கம்மி பண்ணதெல்லாம் இது ஒண்ணே தின்னுடுமே.”

“அதோட எடுத்துட்டுப் போறதுனா போ. இல்லன்னா மரம் இங்கியே கெடக்கட்டும்.”

“ரூல்ல கேக்கலியேடா.”

வேடியப்பன் கம்பத்தின்மேல் கையை ஊன்றி நின்றார். அவர் முகத்தைப் பார்த்த ராமகிருஷ்ணன், மிதவையோடே ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வேடியப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனார். பச்சையம்மாள் கட்டும் வீட்டுக்கு ஜன்னல் மாட்ட வேண்டும். நான் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்க்ரூ முடுக்கினார். பச்சையம்மாள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வேடியப்பன் திரும்பாமலே பேசத் தொடங்கினார்.

“அலை இல்ல தங்கச்சி. நான்தான். மேல ஒரு மிதவை இருக்கும். காத்து புடிக்குதுனு நான்தான் கழட்டிட்டேன். அது இருந்திருந்தா அவன் வந்துட்டிருப்பான்.”

கடலை உடைபடும் சத்தம் நின்றது. பச்சையம்மாள் கேட்டார்.

“அத எடுத்துட்டா, படகு எவ்ளோ முன்னாடி போவும்ணா?”

வேடியப்பன் திரும்பினார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, இவ்ளோதான் என்று காட்டினார்.

பச்சையம்மாள் ஒரு கையிலிருந்து மறு கைவரை பார்த்தார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேடியப்பன் விரித்த கைகளை இறக்கவில்லை.