நீலத் துணி கட்டிய பனை

அண்மையில் காலமான எங்கள் அண்ணன் நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்தபின் பதினான்கு வயதில் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்து வேலைக்குப் போய், தங்கைகள் இருவரையும் கரைசேர்த்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் வளைகுடாவின் அல் அய்ன் நகரில் ஓர் அரபி வீட்டுத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறு வருடம் எனக்கும் விசா எடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பேசவே கூச்சம். அங்கே எல்லாருக்கும் நான் ‘அவன் தம்பி’தான். அது எனக்குக் கசந்தது.

முதலாளி வெளிநாடு போய்வந்தபோது, பனி கொட்டினாலும் சாகாத விசிறிப் பனைக் கன்றுகள் இரண்டு கொண்டுவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். குளிர் தாங்கும் கன்றுகளுக்கு அந்த வெயில் ஆகவில்லை. அண்ணன் தன் டின்னில் சிவப்புத் துணியும் என் டின்னில் நீலத் துணியும் கட்டி, காலை வெயில் மட்டும் படும் சுவரோரம் வைத்தார்.

“ஹோஸ் தண்ணிய நேரா ஊத்தாதடா. வெயில்ல கெடந்து கொதிக்கும். வாளியில புடிச்சு ஆறவிட்டு ஊத்து.”

அவரை முந்தும் ஆசையில் மத்தியானமும் அவருக்கு ஒளித்து ஹோஸைப் பிடித்தேன். என் கன்று கருகியது. அவருடையது குருத்து விட்டது.

அவர் லீவில் ஊருக்குப் போனதும் துணிகளை மாற்றிக் கட்டினேன். பச்சைக் கன்றைப் பார்த்த முதலாளி முதன்முறையாக என் பெயரைச் சொன்னார்.

திரும்பி வந்த அண்ணன் இரண்டு டின்களையும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“பரவாயில்லையேடா! ஒன்னுது என்னோடத மிஞ்சிருச்சே. இனி நான் ஒங்கிட்டதான் படிக்கணும்” என்று சிரித்தார். டிரைவர் பாயிடமும், “நீலம் தம்பியோடது” என்றார். பிறகு கருகிய கன்றுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு அதையும் பிழைக்க வைத்தார். நீலத்துக்கும் அவரே தண்ணீர் ஆறவைத்தார். கருகியதில் புது ஓலை விரிந்த அன்று நான் அந்தச் சுவர்ப்பக்கமே போகவில்லை.

ஊர் திரும்பியபோது இரண்டையும் கொண்டுவந்து வாசலின் இருபுறமும் நட்டோம். இங்கே உறைபனியிலும் அவை வாடவில்லை. நோயில் கிடந்த கடைசி மாதங்களில் அவை தெரியும் ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தும் உண்மையைச் சொல்லவில்லை.

காரியத்துக்கு வந்த நீங்கள் உயர்ந்த பனையைக் காட்டி, “இது நீங்க வளத்ததாமே, அண்ணன் பெருமையாச் சொல்லுவாரு” என்றீர்கள். அண்ணனின் எல்லாவற்றின் மீதும் பொறாமைப்பட்டேன். கடைசிவரை காட்டிக்கொடுக்காத அந்த மனசைப் பார்த்து இன்றும் பொறாமைப்படுகிறேன்.

அண்ணிக்குத் துணையிருந்த அயலவர்களுக்கும், அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. வாசல் தாண்டும்போது பிள்ளைகள் கேட்டால், இரண்டு பனையும் அண்ணனே வளர்த்தவை என்று சொல்லிவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.