முட்டிக்குள் நட்ட நார்

கபடியில் பாடிப் போன என் மகள் ஸ்டெல்லா சட்டென்று திரும்பினாள். முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. அவளைப்போல் அடிபட்டுப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயி. பத்தாவதுவரை படித்தவன். டாக்டர் சொல்லி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

வீக்கம் வடிந்ததும், நடவுக்கு உழுதிருந்த வயலில் இறங்கி நடந்து பார்த்தாள். நொண்டவே இல்லை.

“சேத்துலயே நடக்குறா, ரோட்டுல நடக்க மாட்டாளா?” என்றாள் என் மனைவி.

எங்களுக்குச் சேறுதான் காலுக்குப் பரீட்சை. அந்தச் சேறே நாலு பக்கமும் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் தோழி கூப்பிட்டாள் என்று திரும்பினாள். முட்டி நழுவி விழுந்தாள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்தார்கள். முட்டிக்குள் குறுக்கே ஓடும் லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது.

சிலருக்குப் பயிற்சியே போதுமாம். சில வகைக் கிழிசலைத் தைக்கலாமாம். இவளுடையது நைந்துபோனதால் புது நார் வைக்க வேண்டும். அதை இவள் உடம்பிலிருந்தே எடுக்கலாம்: தொடையின் பின்பக்கத் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு), இல்லையென்றால் முட்டிச் சில்லுக்குக் கீழே இருப்பது. இறந்தவர்கள் தானமாகத் தந்ததும் உண்டு. சின்ன வயதில் அது மறுபடி அறுந்துபோக வாய்ப்பு அதிகமாம்.

“முட்டி போடுவியாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை பூசையில போடுவேன் சார். வீட்டுப்பாடம் எழுதலன்னா கிளாஸ்லயும் போடுவேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். சில்லுக்குக் கீழே எடுத்தால் முட்டி போடும்போது சிலருக்கு வலிக்குமாம். தொடையிலிருந்து எடுப்பதென்று முடிவானது. வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) ஏறக்குறைய மூடிவிட்டதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு அதைக் கெடுக்காமல் துளை போட வேண்டும்.

“மறுபடி கபடி ஆடுவேனா சார்?”

“ஆடலாம். நீ எவ்வளவு பொறுமையா இருக்கிறேங்கறதுலதான் இருக்கு.”

அவளுக்குக் கபடிதான் எல்லாம்.

சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு அறுவை செய்தார்கள். சில மாதங்களில் வலி போயிற்று. ஆட்டத்துக்குப் போகிறேன் என்று நின்றாள். டாக்டர் தலையை ஆட்டினார்.

“வலி போச்சுன்னா நார் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தமில்ல. ரொம்ப பலவீனமா இருக்கிற நேரமே இதான். புதுசா ரத்தக்குழாய் உள்ள போயி, அது லிகமென்டா மாறணும்.”

எனக்குப் புல்லரித்தது. பறித்து நட்ட நாற்று பழுத்து நின்று, பிறகு பச்சை பிடிப்பதை வருஷாவருஷம் பார்க்கிறவன் நான். அதே வேலை, யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், என் பிள்ளையின் முட்டிக்குள் நடக்கிறது!

பயிற்சி தொடர்ந்தது. தோழிகள் ஆடியபோது இவள் வெளியே உட்கார்ந்து கத்தினாள். கடைசியில் டாக்டர் ஒற்றைக்காலில் தாவச் சொன்னார், இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தார், ஆடச் சொல்லிவிட்டார்.

முதல் முறை பாடிப் போனவள் கோட்டை மட்டும் தொட்டுத் திரும்பினாள்.

“என்னடி, பயமா?” என்றேன்.

“பயமெல்லாம் இல்லப்பா. எனக்குப் பதினாறு. உள்ள இருக்கிறதுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல. அதையும் கூட்டிக்கிட்டுல்ல போகணும்!”

அடுத்த முறை உள்ளே போய், ஒருத்தியைத் தொட்டு, சட்டென்று திரும்பினாள். கால் நழுவாமல் நின்றது.

இப்போது வரப்பிலிருந்து இறங்கும்போது என் முட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறந்த நாளிலிருந்து உள்ளே ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.